பக்கீர் முகைதீன் கொடுத்த குறிச்சொல் விளக்கம்

ஒலுவில் மசூர் கல்முனைக்குடி பக்கீர் முகைதீனுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். படகு எஞ்சின் வாங்கிய கடனில் மிச்சம். காசு பக்கீர் முகைதீனுடையது என்றுதான் மசூரும் நினைத்தான், ஊரும் நினைத்தது. உண்மையில் அது அவருடைய மனைவி கைருன்னிஸா சீட்டுப் பிடித்தும் தலையணை உறை தைத்தும் மக்காவுக்கு உம்ராப் பயணம் போகவென்று சேர்த்த காசு. “ஒரு மாசத்துல திருப்பித் தாறன் புள்ள” என்று அதை வாங்கிக்கொண்டு போய், பழைய எஞ்சின் ஒன்றை எடுத்துப் புதிதுபோல் ஆக்கி, மசூருக்குத் தவணைக்குக் கொடுத்தவர் பக்கீர் முகைதீன். முதல் தவணைகள் ஒழுங்காக வந்தன. பிறகு நின்றன. அதற்கும் பிறகு மசூர் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டான்.

இப்போது உம்ராக் குழு புறப்படத் தயார். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்கு முன் மிச்சக் காசைக் கட்டாவிட்டால் கைருன்னிஸாவின் இடம் இன்னொருவருக்குப் போய்விடும் என்று பயண முகவர் அறுத்துச் சொல்லிவிட்டார்.

“ஊருக்கெல்லாம் போன்ல டேக் போடப் படிச்சுக் குடுக்கிறீங்க. ஒருத்தன்ட்ட குடுத்த காசக் கேட்டு வாங்கத் தெரியா,” என்றாள் கைருன்னிஸா.

“கேக்காமலா இரிக்கன்? கடைக்கு வாற ஒவ்வொரு ஆளுக்கிட்டயும் அவன்ட பேரச் சொல்லி ஏசிட்டுத்தானே இரிக்கன்!”

“ஓம். அவனத் தவிர மத்த எல்லாரும் ஏச்சுக் கேட்டாச்சு.”

பக்கீர் முகைதீனைத் தெரியாத ஆள் இந்தக் கரையில் கிடையாது. அதை அவரே சொல்வார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதற்குமேல் சொல்லித்தர அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை என்பது அவருடைய கணக்கு. பத்து வயதில் தோணிகளுக்கு மண்ணெண்ணெய்க் கலன் சுமந்தார். எஞ்சின் திருத்த வந்த மெக்கானிக்மார் துரத்தத் துரத்தப் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்தே படித்தார். கடல் ஏறி வந்து கடையை வாரிக்கொண்டு போன வருடம், மணலைத் தோண்டி எடுத்த ஒரே ஒரு ஸ்பேனரோடு திரும்பத் தொடங்கி, சுவர் எழுப்பி, கூரை போட்டு, பெயர்ப்பலகையும் மாட்டினார். அந்தப் பலகையில் எஞ்சின் படம் சின்னது, அவருடைய பெயர் பெரியது. கரையில் நின்று சத்தத்தைக் கேட்டே உள்ளே போகிற படகின் எஞ்சினில் என்ன பழுது என்று சொல்லிவிடுவார். சொன்னது பிழைத்தால் காற்று மாறியடித்தது என்பார்.

அப்படிப்பட்டவரை இணையத்துக்குள் இழுத்துவிட்டவன் இன்ஸாப், அட்டாளைச்சேனையில் இருக்கும் தங்கை முஸ்பிறாவின் மகன். கட்டாரில் கணினி வேலை பார்த்துத் திரும்பியவன், கரையோர ஊர்க்காரர் வாங்கவும் விற்கவும் கேட்கவும் சொல்லவும் ‘கரைவாகுக் களம்’ என்று ஒரு மன்றத்தைத் தொடங்கினான். சனம் வந்து குவிந்தது. குவிந்த சனம் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தியது. நெல் விற்கிறவன், ஆட்டைத் தொலைத்தவன், வலை தேடுகிறவன், விற்று முடித்த மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் அழைப்பு வருகிறதென்று ஏசுகிறவன், எல்லாம் ஒரே குவியல். இன்ஸாப் யோசித்துக் குறிச்சொற்களை வைத்தான். எதைப் போட்டாலும் தலைப்புக்கு முன்னால் ஒரு சொல்லைத் தெரிவுசெய்ய வேண்டும்: உண்டு, தேவை, திருத்தம், காணவில்லை, முடிந்தது, மரண அறிவித்தலுக்கு ஜனாஸா. எந்தச் சொல் எதற்கு என்று நீளமாக ஒரு பக்கமும் எழுதி வைத்தான். ஒருவரும் வாசிக்கவில்லை.

“மாமா, இந்தச் சனத்துக்கு எப்பிடி விளங்கப்படுத்துற?”

“நீ எழுதி வச்சிரிக்கிறது எனக்கே விளங்கல்ல. போன இஞ்ச தா.”

வாங்கிக் கையில் பிடித்தார். குரல்பதிவைத் தட்டச் சொன்னார். தொண்டையைச் செருமினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். கதைக்கிறது பக்கீர் முகைதீன், மோட்டார்க் கடை, கல்முனைக்குடி. கல்முனை பஸ் நிலையத்துல நிக்கிறீங்க. பஸ் ஒண்டு வருது. ஏற முன்ன எங்க பாப்பீங்க? அதுட நெத்தியில பாப்பீங்க. அக்கரைப்பத்து எண்டு போட்டிரிந்தா அக்கரைப்பத்துக்குப் போறவன் ஏறுவான், மட்டக்களப்புக்குப் போறவன் நிப்பான். டேக் எண்டு சொல்றது அந்த நெத்திப் பலகதான், வேற ஒரு மண்ணுமில்ல! உங்களுட்ட சாமான் இரிந்தா ‘உண்டு’. உங்களுக்குச் சாமான் வேணுமெண்டா ‘தேவை’. உடைஞ்சத்தக் காட்டி வழி கேக்கிறதெண்டா ‘திருத்தம்’. வித்தா உடன ‘முடிந்தது’ எண்டு மாத்துங்க. இல்லாட்டி பஸ் டிப்போக்குப் போன பொறகும் சனம் கை காட்டிக்கிட்டு நிக்கும். பலகையில ஒரு ஊர், பஸ் போறது வேற ஊர் எண்டா அந்த ட்ரைவர சனம் என்ன செய்யும்? அதத்தான் நானும் செய்வன். விளங்கிச்சா?”

விளங்கியது! புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் முதலில் அந்தக் குரல்தான் போனது. குவியல் பிரிந்தது. நெல் நெல்லோடு நின்றது, ஆடு ஆட்டோடு நின்றது. காரைதீவிலிருந்து சுலக்சனா டீச்சர் எழுதினார்: ‘ஐயா, உங்கட குரலக் கேட்டபிறகு எங்கட அம்மாவும் சரியா டேக் போடுறா.’ அதைக் கைருன்னிஸாவுக்கு வாசித்துக் காட்டினார். சோறு தின்னும்போது மறுபடி வாசித்துக் காட்டினார்.

மருதமுனை ஹாஜறாவிடம் மட்டும்தான் அவருடைய பஸ் ஓடவில்லை. நெசவுச் சாறன் விற்கிற அந்த மனிசி, விற்கப் போட்ட ஒவ்வொன்றுக்கும் ‘தேவை’ என்று போட்டாள். சாறன் விற்கிற மற்றக் கடைக்காரரெல்லாம் அவளுக்கு விலை சொல்லத் தொடங்கினார்கள்.

“எனக்குக் காசு தேவைதானே காக்கா? அதான் போட்டன்,” என்றாள் தொலைபேசியில்.

“டேக் சாமானப் பத்தினது புள்ள, உங்கட வயித்தப் பத்தினதில்ல!”

“செரி, ‘உண்டு’ எண்டு போட்டாலும் ஒருத்தரும் பாக்கிறாங்க இல்ல. ஆனா ஜனாஸா எண்டு வந்தா ஊரே பாக்குது. நான் சாறனுக்கு அதப் போட்டா என்ன?”

“நஊதுபில்லாஹ்!”

அவள் சொன்னதில் பாதி உண்மை. ஒருவர் கண்ணை மூடினால் சில மணி நேரத்தில் அடக்கம் செய்கிற ஊர்கள் இவை. சொந்தம் பந்தம் எங்கே நின்றாலும் உடனே தெரியவேண்டும். அதனால் ஜனாஸா என்ற குறிச்சொல்லுக்கு மட்டும் இன்ஸாப் ஒரு தனி வசதி செய்திருந்தான். அது விழுந்த உடனே களத்தில் உள்ள அத்தனை பேரின் தொலைபேசியிலும் மணி அடிக்கும். திரையின் மேல் ஒற்றை வரி ஓடும்.

சாறனுக்கு ஜனாஸாவா! இதை முளையிலேயே கிள்ளவேண்டும் என்று பக்கீர் முகைதீன் முடிவுகட்டினார். சனிக்கிழமை காலை, தேநீரை முடித்துவிட்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தானே எழுதினார். தலைப்பு எப்போதும் போலத்தான். முதலில் அவருடைய பெயர், பிறகு கடை, பிறகு ஊர், அதற்குப் பிறகுதான் விசயம்: ‘பக்கீர் முகைதீன், மோட்டார்க் கடை, கல்முனைக்குடி. ஜனாஸா டேக் எதற்கு, எதற்கில்லை என்று ஒரு விளக்கம்.’ களம் குறிச்சொல் கேட்டது. விளக்கத்துக்கென்று அங்கே ஒரு சொல் இல்லை. விசயமோ ஜனாஸாவைப் பற்றியது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘ஜனாஸா’வைத் தட்டி அனுப்பினார். தொலைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு, வீட்டோடு ஒட்டிய கடைக்குப் பின்னால் போய், தண்ணீர்ப் பீப்பாவில் எஞ்சினை இறக்கி முழு வேகத்தில் ஓடவிட்டார். பீப்பா அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

அதனால் தொலைபேசி இருபது முறை அடித்தது அவருக்குத் தெரியாது. முன் வளவில் யாரோ பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கி அடுக்கியதும் தெரியாது. பள்ளிவாசலில் மையித்துச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டிக்குப் பொறுப்பான றஊப் தோளில் தட்டியபோதுதான் திரும்பினார். றஊப் தட்டியது ஏதோ வேலையாள் என்று நினைத்து.

“தம்பி, எஞ்சின நிப்பாட்டு. மரியாத வேணாமா? மையித்து எங்க வச்சிரிக்கு?”

பக்கீர் முகைதீன் எஞ்சினை நிறுத்தினார். “ஆர்ட மையித்து?”

றஊப் கிறீஸ் படிந்த அந்த முகத்தை மேலும் கீழும் பார்த்தான். பின்னால் ஓரடி வைத்தான். “காக்கா… உங்கடதான்.”

அதற்குள் முன்வாசலில் முச்சக்கர வண்டி வந்து நின்ற சத்தம். “என்ட காக்கா! என்ட ராசா!” என்று முஸ்பிறா கதறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். எதிரே தமையன் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு வருவதைக் கண்டவள், கதறலை நிறுத்தாமலே அவருடைய கன்னத்தில் ஓர் அறை விட்டாள். “அட்டாளைச்சேனையில இரிந்து அழுதுக்கிட்டு வாறன்! நீங்க நடந்து திரியிறீங்க!”

“நடக்காம படுத்திரிந்தாத்தான் உனக்குச் சந்தோசமா?”

முஸ்பிறாவோடு வந்த இன்ஸாப் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றான். “மாமா, நீங்க ஜனாஸா டேக்கில போட்டு, தலைப்புல உங்கட பேர முன்னுக்கு எழுதியிரிக்கீங்க. போன்ல தெரியிற ஒரு வரியில அது மட்டும்தான் வருது. ஜனாஸா, பக்கீர் முகைதீன், மோட்டார்க் கடை, கல்முனைக்குடி. விளக்கம் எண்டுறது அதுக்கங்கால வெட்டுப்பட்டுப் போச்சு!”

“பேரப் போடாம பொறகு என்னத்தப் போடுற?”

“இப்ப உடன அழிக்கணும்.”

“நில்லு, நில்லு. எத்தின பேர் எழுதியிரிக்காங்க?”

நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார்கள். நல்ல மனுசன் என்று ஒருவர், இந்தக் கரைக்கே எஞ்சின் வைத்தியர் என்று ஒருவர், வாய்தான் கொஞ்சம் நீளம், அல்லாஹ் மன்னிப்பானாக என்று இன்னொருவர். பக்கீர் முகைதீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மௌத்தாகிப் பாத்தாத்தான் ஆள்ட பெறுமதி தெரியிது பாத்தியா! கதிரையும் காணாது போல இரிக்கு.”

“வெக்கமில்லையா உங்களுக்கு?” என்று அறை வாசலிலிருந்து கைருன்னிஸா சீறினாள். “நாளைக்கு அஸரோட என்ட பயணம் போகுது. இவருக்குக் கதிர எண்ணுற வேல!”

அந்த நேரம்தான் ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்து விழாத குறையாக நின்றது. இறங்கியவனைத் திரைச்சீலையின் இடுக்கால் கண்டதும் பக்கீர் முகைதீனின் வாய் தானாக மூடிக்கொண்டது. மசூர்! தலையில் தொப்பி, கண் சிவந்து, மார்போடு அணைத்தபடி ஒரு துணிப்பை.

ஏச வேண்டிய ஏச்செல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. வெளியே பாயப் போனவரைக் கைருன்னிஸா சட்டையைப் பிடித்து அறைக்குள் இழுத்தாள்.

“சத்தம் போடாதீங்க! அவன்ட கையில பை இரிக்கு!” என்று காதுக்குள் சொன்னாள்.

சனத்துக்கு விசயத்தைச் சொல்ல வளவில் இறங்கிய இன்ஸாபிடம் மசூர் நேரே போய் இரண்டு கையையும் பிடித்தான். அடக்கத்துக்கு முன் குடும்பத்தில் ஒருவர் எழுந்து நின்று, மௌத்தானவரோடு கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது இந்தக் கரையின் வழக்கம். கேட்கும் வரை பொறுக்க மசூரால் முடியவில்லை.

“தம்பி, நீங்க வாரிசுதானே? உங்கட மாமாட காசு என்னிட்ட இரிக்கு. அடக்க முன்ன கைமாத்திடணும். ஒலுவில் துறை மணல் மூடிக் கிடக்கக்குள்ள மெய்யாவே கையில ஒண்டுமில்ல. பொறகு கடல் தந்திச்சு. சேத்துக் கட்டி வச்சு மாசக்கணக்காகுது. ஒரு நாள் கடை வாசல் மட்டும் கொண்டு வந்தன். உள்ளுக்குள்ள பத்துப் பேருக்கு முன்னால என்ட பேரச் சொல்லி ஏசிக்கிட்டு இரிக்காரு. கள்ளன் எண்டாரு. எஞ்சினத் தின்னவன் எண்டாரு. இந்தச் சனத்துக்கு முன்னால எப்பிடித் தம்பி நான் போற? திரும்பிட்டன். அவர்ட கடனுக்கு நான் ஒளிக்கல்ல, அவர்ட வாய்க்குத்தான் ஒளிச்சன். இப்ப அந்த வாயும் மூடிட்டு.” அவன் குலுங்கினான். “உரிய ஆள் போயிட்டாரே, இனி மறுமையில ஆரிட்டப் போய்க் குடுக்கிற?”

இன்ஸாப் பாவம், திரைச்சீலையைப் பார்த்தான்.

திரைக்குப் பின்னால் பக்கீர் முகைதீன் கணக்குப் போட்டார். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், பத்தடி தூரத்தில்! கொஞ்ச நேரம் மௌத்தாக இருந்தால் போதும். எழும்பிப் போனால்? பயந்து ஒளித்தவன் பயத்தில் மறுபடி ஓடலாம். காசும் ஓடும். பயணமும் ஓடும்.

“இரிங்க,” என்று கைருன்னிஸா கெஞ்சினாள். “இன்ஸாப்ட கையில குடுக்கட்டும். பொறகு வெளியில போங்க. எனக்காக இரிங்க.”

பக்கீர் முகைதீன் அவளைப் பார்த்தார். அவளுடைய கை இன்னும் சட்டையைப் பிடித்திருந்தது.

“ஏலா புள்ள,” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. “பலகையில ஜனாஸா எண்டு போட்டு, உசிரோட இரிக்கிறவன் கடன் தண்டுறதா? ஊருக்குச் சொன்ன சொல்லு எனக்கில்லையா?”

கையை விலக்கினார். திரையைத் தள்ளினார். வெளியே வந்தார்.

மசூர் ‘அல்லாஹ்!’ என்று கத்தியபடி கதிரைகளுக்கு மேலே விழுந்தான். அடுக்கி வைத்த கதிரை எல்லாம் சரிந்தது. விழுந்தும் பையை விடவில்லை.

“பயப்பிடாத. மௌத்தாகல்ல. ஹயாத்தோடதான் இரிக்கன். டேக் பிழையாப் போட்டுட்டன்.” வளவில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் பக்கீர் முகைதீன் இதைச் சொன்னார். பிழை என்ற சொல் அவருடைய வாயிலிருந்து வருவதை முஸ்பிறா அன்றுதான் கேட்டாள்.

மசூர் எழுந்தான். அழுத முகம் கோபமாக மாறியது. பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். “என்ன காக்கா இது? என்னப் பிடிக்கிறதுக்குச் செஞ்ச வேலயா?”

“இல்லடா மனே. உன்னப் பிடிக்கிறதெண்டா அந்தத் திரைக்குப் பின்னாலயே நிண்டிரிப்பன்.”

மசூர் யோசித்தான். சரிதான் என்று பட்டது. ஆனாலும் பை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. “இப்ப ஏசுவீங்க.”

“ஏசமாட்டன்.”

“உங்களால ஏலா.”

சனம் சிரித்தது. றஊப் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். பக்கீர் முகைதீனின் முகம் சிவந்தது; வாய் திறந்தது; எல்லோரும் காத்திருந்தார்கள். ஏச்சு வரவில்லை.

“மசூர், அது என்ட காசில்ல,” என்றார். “இவட காசு. உம்ராவுக்குச் சேத்தது. நான்தான் கேட்டு வாங்கி எஞ்சினுக்குப் போட்டன். நாளைக்குக் கட்டாட்டி இவட இடம் போயிரும். உனக்கு நான் ஏசினது பத்துப் பேருக்குத் தெரியும். இது ஒருத்தருக்கும் தெரியா.”

மசூர் அறை வாசலைப் பார்த்தான். முக்காட்டை இழுத்துவிட்டபடி கைருன்னிஸா நின்றிருந்தாள்.

“ராத்தாட காசா?” என்றான். “அட மனிசரே! அத ஒரு வார்த்த சொல்லியிரிந்தா நான் நடந்தே வந்து குடுத்திரிப்பனே! உங்கட காசு எண்டுதானே ஒளிச்சன்.”

“அப்ப என்ட காசெண்டா ஒளிப்பாயா?” என்று பக்கீர் முகைதீன் தொடங்கினார். கைருன்னிஸா ஒருமுறை இருமினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

மசூர் பையைத் திறந்து ரப்பர் போட்ட கட்டை எடுத்தான். “உங்கட கையில தரமாட்டன் காக்கா. ராத்தாக்கெண்டு தாறன். நீங்க இதுல வெறும் தபால்காரன்.”

“செரி, தபால்காரன். தா.”

“எண்ணிக் குடுங்க,” என்றாள் கைருன்னிஸா. வாசற்படியைத் தாண்டி வெளியே வந்து, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள். “போன முற எண்ணாமத்தான் தந்தன்.”

இன்ஸாப் தொலைபேசியில் ஏதோ தட்டினான். ஜனாஸா என்ற சொல் அழிந்து, பக்கீர் முகைதீனின் பெயருக்கு முன்னால் ‘திருத்தம்’ என்று வந்து நின்றது. அதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. கிறீஸ் விரலைச் சாறனில் துடைத்தார். ரப்பரைக் கழற்றினார். ஐயாயிரம் ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, வளவே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டு, விரித்திருந்த அந்தக் கையில் வைத்தார். கை நிறைந்த பிறகும் அவள் அதை மூடவில்லை, கடைசி நோட்டும் வந்து விழுகிற வரை.